ஓமத் தண்ணீருக்கு முன்னால் ஓர் இசிஜி

எங்கள் பக்கத்து வீடுகளில் யாராவது நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால் முதலில் திறப்பது அஞ்சறைப்பெட்டியைத்தான். ஓமத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் கொடுப்பார்கள். மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுப்பார்கள். சுக்கைத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைப்பார்கள். பூண்டை நெருப்பில் சுட்டு மெல்லச் சொல்வார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கடையிலிருந்து சோடாவோ ஜெலுசிலோ ஈனோவோ வரும். நீளமாக ஓர் ஏப்பம் வந்துவிட்டால் போதும், வீட்டுக்கே மூச்சு வந்துவிடும். "பார்த்தாயா, வாய்வுதான்" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். இந்தக் கைவைத்தியத்தில் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. இவற்றைக் குடித்துத்தான் வளர்ந்தேன். வயிறு உப்பிக்கொண்டு நெஞ்சை முட்டும்போது ஓமத் தண்ணீர் தரும் சுகத்தை நானும் அறிவேன். எந்த வரிசையில் எதைச் செய்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

லேசான நெஞ்சுவலியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டால், பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அது இதயத்திலிருந்து வரவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு. அதைத் தெரிந்துகொள்ளும் கருவி எந்த வீட்டுச் சமையலறையிலும் கிடையாது. இவ்வளவு எளிய விஷயம் ஏன் நடப்பதில்லை? படிப்பறிவு இல்லை, விழிப்புணர்வு இல்லை என்பார்கள். பணமில்லை, ஊரில் வண்டியில்லை என்பார்கள். இவை எல்லாம் உண்மைதான். இவற்றோடு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை யாரும் சுகாதாரத் துறைச் சுவரொட்டியில் அச்சடிப்பதில்லை. என் அத்தை வாயால் அதைக் கேட்ட நாளிலிருந்து அது என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

அத்தைக்கு நடந்தது

அத்தை மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. முதல் முறை அவருக்கு நெஞ்சு அடைப்பது போல் இருந்தது ஓர் இரவு, சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகு. மாமா பதறிப்போய் வாடகைக் காரைப் பிடித்து நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச்சென்றார். அங்கே இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரையும் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்து, இதயத் தசை சேதமானால் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்த்தார்கள், சில மணி நேரம் படுக்கவைத்து மறுபடியும் இரண்டையும் செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. விடிந்ததும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்து, ஒரு வாரத்தில் வந்து, ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் ட்ரெட்மில் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி எழுதி அனுப்பிவைத்தார்கள். அந்த இரவில் எல்லோரும் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாமா தாமதிக்கவில்லை. மருத்துவர்கள் ஒரே ஒரு இசிஜியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வினை. அந்த இரவு ஒரு கதையாகிவிட்டது. காதுகுத்து வீட்டில், வளைகாப்பு வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மாமா அதை நன்றாக நடித்துக் காட்டுவார். நள்ளிரவில் கார்க்காரரை எழுப்பியது, வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டது, கடைசியில் மருத்துவர் வாய்வு என்று சொன்னது. "ஓர் ஏப்பத்துக்கு இத்தனை ஆயிரம்" என்று முடிப்பார். பந்தியே சிரிக்கும். அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். மாமா கெட்டவர் அல்லர். அன்று இரவு முழுவதும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார் என்று அத்தையே சொல்லியிருக்கிறார். பயந்து போனவர்கள் பயம் தெளிந்த பிறகு சிரிப்பது இயல்புதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ட்ரெட்மில் பரிசோதனைச் சீட்டு காணாமல் போய்விட்டது. வாய்வுக்கு யார் ட்ரெட்மில்லில் ஓடுவார்கள்?

அடுத்த தை மாதம். அறுவடை முடிந்திருந்தது. பிற்பகலில் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சில் ஏதோ அழுத்தியதாம். வலி என்று சொல்ல முடியாது என்றார். கீழ்த்தாடையில் பல்வலி போல் ஒரு குடைச்சல், கைகால் ஓய்ந்துபோன மாதிரி ஓர் அசதி. துவைத்ததை அப்படியே விட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஓமத் தண்ணீர் வைத்துக் குடித்திருக்கிறார். சற்று நேரத்தில் குறைந்துவிட்டது. ஓமம் கேட்டது என்று நினைத்துக்கொண்டார். அவர் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்ததுதான் கேட்டது என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. இரவில் மறுபடியும் வந்திருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைத்திருக்கிறார். இரண்டு அடி தள்ளிப் படுத்திருந்த மாமாவை எழுப்பவில்லை.

காலையில் வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வரும் சுகாதாரத் தன்னார்வலர் வந்தார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை பார்ப்பவர், பக்கத்துத் தெருப் பெண். தை மாதக் குளிரில் அத்தையின் நெற்றியும் கழுத்தும் வியர்த்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் தட்டியது. "என்னம்மா இப்படி வேர்க்கிறது?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் துணை சுகாதார நிலையச் செவிலியரைப் போனில் அழைத்தார். செவிலியர் மருத்துவரிடம் பேசிவிட்டு வந்து பதினான்கு மாத்திரைகளை அத்தையின் கையில் கொடுத்து விழுங்கவைத்தார். 108 வந்தது. தஞ்சாவூரில் ஆஞ்சியோ செய்து இதய ரத்தக்குழாயில் அடைப்பு எங்கே என்று பார்த்து, அதைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால் எக்கோ என்ற இதய ஸ்கேனில் பார்த்தபோது இதயச் சுவரின் ஒரு பகுதி அசையவில்லை. முந்தைய நாள் பிற்பகலிலேயே வந்திருந்தால் அந்தத் தசையில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். இப்போது அத்தையால் கோயில் படிகளை நிற்காமல் ஏற முடிவதில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மாலை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஏன் அத்தை, இரவே மாமாவிடம் சொல்லியிருக்கலாமே?" என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "போன தடவை மாதிரி இதுவும் வாய்வாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருந்தது" என்றார்.

இதை நான் பல முறை மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு அடைக்கும் ஒரு பெண் இரவு முழுக்க விழித்திருக்கிறார். மாரடைப்பாக இருக்குமோ என்பதைவிட, மாரடைப்பாக இல்லாமல் போய்விடுமோ என்பது அவரை அதிகம் அச்சுறுத்தியிருக்கிறது. மாரடைப்பு என்றால் எழுப்பியதற்கு நியாயம் இருக்கும். வாய்வு என்றால் இன்னும் பத்து விசேஷங்களுக்குக் கதை கிடைக்கும். செலவு, அலைச்சல், அறுவடைக் களைப்பில் தூங்கும் கணவர், அவர் முகத்தில் நாளை வரப்போகும் சிரிப்பு, இவை எல்லாவற்றையும் எடைபோட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. நெஞ்சுவலி என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு முறை போனவர்தானே.

நம் வீடுகளில் பெண்களுக்கு இது இன்னும் கூடுதல். தன்னால் ஒருவர் தூக்கம் கெட்டது, ஒருவர் விடுப்பு எடுத்தார், பணம் செலவானது என்றால் அதைக் கடனாக மனத்தில் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். ஆண்களுக்கு வேறு விதம். பயந்தவன் என்று பெயர் வாங்க விரும்பாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தால், அது நல்ல செய்தி என்று கொண்டாடப்படாமல், வீண்செலவு என்று கணக்கில் எழுதப்படுகிறது.

ஏப்பம் எதற்கும் சாட்சி ஆகாது

குடித்துப் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் போகலாம் என்பது மிகவும் நியாயமான யோசனைபோல் தோன்றும். அதில் இருக்கும் ஓட்டை இதுதான்: குறைந்துவிட்டால் அது வாய்வு என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இதயவலியும் குறையும். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் வலி உழைப்பில் வந்து ஓய்வில் போகும் இயல்புடையது. 1768-இலேயே லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இந்த நோயை விவரித்தபோது, நடக்கும்போது வருகிறது, மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்டவுடன் நடக்கும்போதும் கூடுதலாக வருகிறது, நின்றால் போய்விடுகிறது என்று சொன்னார். இசிஜி கருவி வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னால், நோயாளிகள் சொன்னதைக் கேட்டே அவர் கண்டுபிடித்தது இது. சாப்பிட்டவுடன் என்று அவர் சொன்னதைக் கவனிக்க வேண்டும். உணவு செரிப்பதற்காகக் குடலுக்கு அதிக ரத்தம் போக வேண்டியிருப்பதால் இதயத்தின் வேலை கூடுகிறது. ஆகவே சாப்பிட்ட பிறகு வந்தது, அதனால் செரிமானக் கோளாறுதான் என்று நாம் சொல்லும் காரணமே இதயத்துக்கும் பொருந்திவிடுகிறது.

இதயமும் உணவுக்குழாயும் நெஞ்சுக்குள் முன்னும் பின்னுமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. இரண்டிலிருந்தும் வரும் வலி நரம்புகள் முதுகுத்தண்டின் ஏறக்குறைய அதே பகுதிகளுக்குள் நுழைகின்றன. எங்கிருந்து செய்தி வருகிறது என்பதை மூளையால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் வலி கையில், தாடையில், முதுகில், மேல்வயிற்றில் எல்லாம் தெரிகிறது. இதயத்தின் அடிப்பகுதிச் சுவர் பாதிக்கப்படும்போது குமட்டலும் வாந்தியும் மேல்வயிற்று வலியும் முன்னால் நிற்கும். பார்ப்பவர் எவரும் அஜீரணம் என்றுதான் சொல்வார். ஜெலுசில் குடித்துக் குறைந்தால் இதயமில்லை என்று எந்த அவசரப்பிரிவு மருத்துவரும் முடிவு செய்வதில்லை. அதேபோல நாக்குக்கு அடியில் வைக்கும், ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையால் குறைந்தால் இதயம்தான் என்றும் சொல்ல முடியாது. உணவுக்குழாய் இறுகுவதால் வரும் வலியும் அதில் இளகிவிடும்.

அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால், ஏற்கெனவே இதய நோயாளியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்பால் செய்வது. ஆனால் அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருந்தாலோ, ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை ஏதாவது சமீபத்தில் சாப்பிட்டிருந்தாலோ ஆளைச் சாய்த்துவிடும். யாருக்கு எழுதிக்கொடுத்தார்களோ அவர்தான் சாப்பிட வேண்டும், அதுவும் உட்கார்ந்துகொண்டு.

வலி லேசாக இருப்பதும் எதையும் சொல்வதில்லை. வலியின் அளவும் இதயத்தில் நடக்கும் சேதத்தின் அளவும் சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. சர்க்கரை நோய் நரம்புகளை மழுங்கடித்துவிடுவதால், அவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் அசதியுமாக மாரடைப்பு வரலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இப்படி வருவது அதிகம். தெற்காசியர்களான நமக்கு வயதும் முந்திக்கொள்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களுக்குச் சராசரியாக 59 வயதை ஒட்டி வந்தது, நம் பகுதியினருக்கு 53-இலேயே வந்தது. "இந்த வயதில் இதயமா இருக்கும்?" என்று நாற்பத்தைந்து வயதுக்காரரிடம் சொல்வதற்கு நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை.

வண்டி வருவதற்குள்

நெஞ்சின் நடுவில் அழுத்தமோ இறுக்கமோ எரிச்சலோ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், அல்லது போய்ப்போய் வந்தால், கூடவே வியர்வை, மூச்சு முட்டல், தலைசுற்றல், குமட்டல், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி இருந்தால், அது லேசான வலி என்ற பேச்சே வேண்டாம். 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை ஆளை நடக்கவிடாமல், மாடிப்படி ஏறி இறங்கவிடாமல், முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைக்க வேண்டும். தானே இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போவதும், பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போவதும் நம் ஊர்களில் சர்வசாதாரணம். வழியில் இதயத்துடிப்பு தாறுமாறானால் சாலையில் ஒன்றும் செய்ய முடியாது. ஆம்புலன்ஸில் முடியும்.

கையில் எடுத்துவைக்க வேண்டிய ஒரே மருந்து ஆஸ்பிரின். 1988-இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,000-க்கும் அதிகமானவர்கள் பங்கேற்றார்கள். மாரடைப்பு என்று சந்தேகப்பட்டவர்களுக்கு வெறும் ஆஸ்பிரினைக் கொடுத்ததிலேயே ஐந்து வாரங்களில் இதய, ரத்தக்குழாய் மரணங்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தன. ஒவ்வாமையோ, வயிற்றுப்புண்ணில் ரத்தக்கசிவோ, வேறு ரத்தப்போக்கோ இல்லாதவர் 300 மில்லிகிராம் அளவுக்கு மென்று விழுங்கலாம். விழுங்குவதைவிட மெல்லும்போது வேகமாக வேலை செய்கிறது. 108-இல் பேசுபவரிடமே கேட்டுக்கொண்டு கொடுப்பது நல்லது. நெஞ்சிலிருந்து முதுகுவரை கிழிப்பது போன்ற திடீர் வலி என்றால் கொடுக்கவே கூடாது, அது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் கிழிவாக இருக்கலாம். பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் இதற்கு மாற்று ஆகாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் இதயத்துக்கு ஆபத்தைக் கூட்டவே செய்யும்.

அத்தைக்குச் செவிலியர் கொடுத்த பதினான்கு மாத்திரைகளும் இந்த அறிவிலிருந்து வந்தவைதான். 2023-இல் தமிழ்நாடு அரசு இதயம் காப்போம் திட்டம் என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இவற்றை வைத்தது. ஆஸ்பிரின் இரண்டு, அதைப் போலவே ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் குளோபிடோக்ரல் நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் எட்டு. பெரிய மருத்துவமனைக்குப் போய்ச்சேரும் முன் ரத்தக்கட்டி வளராமல் பிடித்துவைக்கும் முதல் தவணை. தஞ்சாவூருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போக வேண்டிய ஓர் ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தச் சாலையில் ஆம்புலன்ஸில் போனவர்கள் அறிவார்கள். இத்தனை இருந்தும் ஊரில் பலருக்கு இது தெரியாது. ஆனால் தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் இருமிக்கொண்டே இருங்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அமெரிக்க இதயக் கழகம் அதைப் பரிந்துரைக்கவில்லை. இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூன்று எண்களை அழுத்திவிடலாம்.

ரத்தக்குழாய் முழுவதும் அடைத்துக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள்ளாகவே தசை சாகத் தொடங்கிவிடுகிறது, அடுத்த சில மணி நேரங்களில் சேதம் உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பரவுகிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் சில மணி நேரத்தில் இருக்கும் பலன் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இருப்பதில்லை. குடித்துப் பார்ப்போம் என்பதற்கு நாம் கொடுக்கும் விலை இந்த மணி நேரங்கள்தான்.

அதற்குப் பிறகு வீடு

இவ்வளவு சொன்னதால், நெஞ்சில் சுருக்கென்று குத்தும்போதெல்லாம் பயந்துகொண்டிருக்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நெஞ்சுவலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு இல்லை. மருத்துவர் பார்த்து, தேவையான பரிசோதனைகள் முடிந்து, இதயமில்லை என்று உறுதியான பிறகு மீதி வேலை வீட்டுக்குத்தான். அதை மருத்துவமனையைவிட வீடு நன்றாகவே செய்யும்.

என் அப்பாவுக்கு எதுக்களிப்பு உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னால் எரியும், புளித்த ஏப்பம் வரும், குனிந்தால் தொண்டைவரை ஏறும். அவருக்கு எல்லாம் பார்த்த பிறகு மருத்துவர் சொன்ன மாற்றங்கள் மருந்தைவிட அதிகம் உதவின. இரவுச் சாப்பாடு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக முடிந்துவிடுகிறது. எட்டரைக்குப் பரோட்டாவும் ஒன்பதுக்குப் படுக்கையும் என்பது போயிற்று. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஆறிலிருந்து எட்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறோம். தலையணையை அடுக்கினால் போதாதா என்று அப்பா கேட்டார். தலையணை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு நசுங்கும், அதனால் எதுக்களிப்பு கூடும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் மேலே ஏறுவது குறைகிறது. வேட்டியை இறுக்கிக் கட்டுவதை விட்டார். பெண்களுக்குப் பாவாடை நாடா இதே தொல்லையைச் செய்யும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையை மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு விழுங்கிவிட்டு மாத்திரை கேட்கவில்லை என்று குறை சொல்பவர்கள் நிறையப் பேர். இப்போது ஓமத் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் தாராளமாகக் குடிக்கிறார். விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடை இழப்பு, கறுத்த மலம் இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் மறுபடியும் மருத்துவர்.

மூட்டை தூக்கியதாலோ நாள்கணக்கில் இருமியதாலோ விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் வலி வரும். ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியும், அழுத்தினால் உயிர் போகும். வெந்நீர் ஒத்தடமும் ஓய்வுமாகச் சில வாரங்களில் சரியாகிவிடும். அழுத்தினால் வலிக்கிறது என்பதாலேயே இதயம் தப்பித்தது என்று சொல்ல முடியாததால், இதற்கும் முதலில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெஞ்சின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிந்து, சில நாட்கள் கழித்துக் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. காவியில் அக்கி எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும். வைரஸுக்கான மாத்திரை கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன் தரும் என்பதால் மருத்துவரிடமும் போய்வர வேண்டும். பதற்றத்தால் படபடத்து, விரல்நுனி மரத்து, மூச்சு வாங்கி வரும் நெஞ்சுவலியும் உண்மையான வலிதான். முதல் முறை வரும்போது வீட்டிலிருக்கும் யாராலும் அதைப் பிரித்தறிய முடியாது.

ஒரு தடவை வாய்வு என்று சொன்னது வாழ்நாள் முழுவதற்கும் கொடுத்த சான்றிதழ் அன்று. எதுக்களிப்பு இருப்பவருக்கும் இதய நோய் வரும். வழக்கமான எரிச்சலிலிருந்து இடமோ நேரமோ தன்மையோ மாறினால், நடந்தால் கூடி நின்றால் குறைந்தால், புதிதாக வியர்த்தால், அது புதிய வலி. முதல் நாள் போலவே மறுபடியும் போக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இப்போது ஏப்பக் கதையை யாரும் சொல்வதில்லை. மாமா அதை நிறுத்திவிட்டார். நான் அதோடு திருப்தி அடைய விரும்பவில்லை. போய்வந்து ஒன்றுமில்லை என்று தெரிந்த வீட்டில், அழைத்துப்போனவரையும் போனவரையும் பார்த்து "நல்லவேளை சொன்னாய், அடுத்த தடவையும் உடனே சொல்" என்று ஒருவராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனத்தில் நினைத்தால் போதாது. கடன் எழுதிக்கொண்டிருக்கும் அந்த நோயாளியின் காதில் அது விழ வேண்டும்.

அப்படிப் போய்வந்ததில் கைக்கு ஒரு பொருளும் கிடைக்கிறது. நலமாக இருந்தபோது எடுத்த இசிஜி, அடுத்த முறை எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு மிகவும் உதவும். எந்த மாற்றம் பழையது, எது இன்று புதிதாக வந்தது என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாவது, வெயிலிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் வைத்தால் சீக்கிரம் வெளுத்துவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, தேதி எழுதி, மாத்திரைச் சீட்டுகளோடு காகித உறையில் வைத்துவிடுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். ட்ரெட்மில்லுக்கோ எக்கோவுக்கோ எழுதிக்கொடுத்திருந்தால், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து, யார் அழைத்துப்போவது என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.